கிடங்கைச் சுற்றிப் போன மூடிகள்

ஏலக்காரருக்கு வாய்தான் சொத்து. பழமண்டியில் அவர் குரல் எழுந்தால் மூன்று சந்துக்கு அப்பால் தொட்டிலில் கிடக்கும் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்கிற நேரத்துக்குள் அவர் ஒரு வண்டி ஆரஞ்சை விற்று முடித்துவிடுவார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று அவர் உள்ளங்கையால் மேசையைத் தட்டிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. மண்டியில் அவருக்குப் பெயரே மூணுதரம்தான்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய வேலைக்கு அனுப்பிவைத்தார்கள்.

தீயோ வெள்ளமோ வாயுக்கசிவோ வந்தால் ஒரு தெருவில் எது முதலில் ஆபத்து, யார் மாட்டிக்கொள்வார்கள், எந்தப் பக்கம் ஓடுவது என்பதையெல்லாம் அந்தத் தெருக்காரர்களையே பேசவைத்து ஒரு வரைபடமாக்கி நகராட்சிக்குக் கொடுக்க வேண்டும். நகராட்சி அதை வைத்துத்தான் மீட்புத் திட்டம் போடும். படத்தில் வராத ஆபத்து திட்டத்திலும் வராது. ஆக, தெருக்காரர்களைப் பேசவைக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதற்கு நாலு நாள் பயிற்சி. மண்டியிலிருந்து ஒரு ஆள் அனுப்பச் சொல்லி நகராட்சி கேட்டபோது, மண்டிச் சங்கத் தலைவர் சற்றும் யோசிக்காமல் மூணுதரத்தின் பெயரைச் சொன்னார். தலைவர் வேறு யாருமில்லை, ஏலக்காரரின் மனைவிக்கு அண்ணன். மண்டிக்குப் பின்னால் இருக்கும் பெரிய குளிர்பதனக் கிடங்குக்குச் சொந்தக்காரரும் அவரே.

"நம்மாளு ஒருத்தன் அங்க இருக்கணும் மாப்ளே" என்று சொல்லி அனுப்பினார். எதற்கு என்று சொல்லவில்லை. ஏலக்காரரும் கேட்கவில்லை. பயிற்சி முடித்தவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டையும் மார்பில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். அது போதும் அவருக்கு.

பயிற்சி நகராட்சி நூலகத்தின் மாடியில் நடந்தது. பயிற்சியாளர் ஒல்லியான பெண்மணி, நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பார். பல வருடம் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் பேசும்போது மற்றவர்கள்தான் தங்கள் மூச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

"கேள்வி கேளுங்க. கேட்டுட்டு காத்திருங்க. அவ்வளவுதான் உங்க வேலை" என்றார். "யாரும் பேசலைன்னா பயப்படாதீங்க. யாரோ யோசிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். பதிலை நீங்க எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா அது உங்க பதில், தெருவோட பதில் இல்ல."

பிறகு ஒத்திகை. பயிற்சிக்கு வந்தவர்களே தெருக்காரர்களாக நடிக்க, ஆளுக்கொரு முறை எழுந்து கூட்டம் நடத்த வேண்டும். ஏலக்காரர் முதல் ஆளாக எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"வாங்க வாங்க! இந்தத் தெருவுல பெரிய ஆபத்து எது? வெள்ளம்! அந்த அம்மா வெள்ளம்னாங்க. வெள்ளத்துக்கு மேல யாராவது? தீ! பின்னால கண்ணாடிக்காரர் தீ. தீக்கு மேல? தீக்கு மேல உண்டா? தீ ஒரு தரம், தீ ரெண்டு தரம், தீ மூணு தரம்! முடிஞ்சுது. அடுத்த கேள்வி."

மாடியே அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரி கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "அண்ணே, எனக்கு ரெண்டு கிலோ வெள்ளம் பார்த்துக் கட்டுங்க, அழுகல் இல்லாம" என்றாள்.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "தீயை யாருக்கு வித்தீங்க ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று முழுக்க ஏலக்காரருக்கு அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் மருந்துக்கடைக்காரி இருமல் மிட்டாய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். "இதை வாயில போட்டுக்கங்க. கரையற வரைக்கும் பேசக் கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமயே தர்றேன்." ஏலக்காரர் போட்டுக்கொண்டார். கேள்வி கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு மூச்சு பொறுத்தார். பிறகு 'கடக்' என்று சத்தம் கேட்டது. மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டு, "வெள்ளம்னு வெச்சுக்கலாமா?" என்றார்.

ஆனால் விடாக்கண்டன். மூன்றாம் நாள் பொட்டலம் பாதியானபோது, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க அவருக்கு வந்துவிட்டது. முகம்தான் சிவந்து போகும். முழுப் பழம் தொண்டையில் சிக்கிக்கொண்டவர் மாதிரி நிற்பார். ஆனாலும் நிற்பார்.

கடைசிப் பாடமாகப் பயிற்சியாளர் ஒரு விதி சொன்னார். "தேர்வு உண்மையான தெருவுல, உண்மையான மக்களோட. அவங்கவங்க தெருவையே அவங்கவங்களுக்கு ஒதுக்கியிருக்கேன். ஆரம்பிச்ச கூட்டத்தை முடிக்காம வெளிய போகக் கூடாது. பாதியில விட்டுட்டுப் போறவங்களை மக்கள் ரெண்டாவது தடவை நம்ப மாட்டாங்க. போனா பேட்ஜ் கிடையாது."

ஏலக்காரருக்குக் கிடைத்தது மண்டிக்குப் பின்னால் இருக்கும் சந்து. அவர் வீட்டின் கொல்லைப்பக்கம் அந்தச் சந்தில்தான் முடிகிறது. அதன் வாயிலில் நிற்பது மச்சானின் கிடங்கு.

சில நாள் காலையில் கிடங்குப் பக்கமிருந்து ஒரு நெடி வரும். கண்ணில் வெங்காயத்தைப் பிழிந்த மாதிரி எரியும். குளிரூட்டும் குழாய்களில் ஓடுகிற அம்மோனியா. மண்டியில் அதைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஏலக்காரர் பக்கத்தில் போனதும் பேச்சு ஆப்பிள் விலைக்குத் தாவிவிடும். அவரும் ஆப்பிள் விலையையே பேசிவிட்டு வந்துவிடுவார்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு மச்சானின் போன் வந்தது.

"மாப்ளே, நாளைக்குக் கூட்டத்துக்கு நானும் வர்றேன். தலைவர் வந்து நின்னா உனக்கும் ஒரு மரியாதை."

"வாங்க மச்சான்."

"கிடங்கைப் பத்தி எவனாவது எதையாவது உளறினா நீ பார்த்துக்க. படத்துல அது ஏறிடுச்சுன்னா ஆய்வு, நோட்டீஸுன்னு வந்து நிப்பாங்க. உன்னை எதுக்கு அனுப்பினேன்?"

எதற்கு என்று இப்போது தெரிந்துவிட்டது. ஏலக்காரர் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மனைவி துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன்" என்றாள்.

"தெரியும்."

"அவன் முன்கோபக்காரன். ஆனா நமக்கு ஒண்ணுன்னா முதல்ல ஓடிவர்றவனும் அவன்தான்."

"அதுவும் தெரியும்."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"கேள்வி கேட்டுட்டு காத்திருக்கப் போறேன்."

"நீங்களா?" என்று அவள் மடித்த போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். "கல்யாணமான நாள்லேருந்து நான் ஒரு வாக்கியத்தை முழுசா சொல்லி முடிச்சதில்ல. சந்துக்காரங்க குடுத்து வெச்சவங்க."

*

கூட்டம் சுமைதூக்குவோர் சங்கக் கட்டடத்தின் மாடியில். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் சிமென்ட் தரையில் சந்துக்காரர்களே சாக்பீஸால் தங்கள் சந்தின் படத்தை வரைய வேண்டும். அதுதான் முறை. ஏலக்காரர் சாக்பீஸை நீட்டினார். யாரும் வாங்கவில்லை. அவர் நீட்டிய கையோடு நின்றார். வாயில் இருமல் மிட்டாய். கடைசியில் சலவைக்கடைக்காரம்மா எழுந்து வந்து, "குடுங்க, நீங்க நிக்கிறதைப் பார்த்தா பாவமா இருக்கு" என்று வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் வேலை சூடு பிடித்தது. அவள் ஒரு கோடு போட்டாள், கோடு கோணல் என்று ஒரு சுமைதூக்கி சொன்னார், "கோணல் சந்தை நேராவா போட முடியும்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். சந்தின் வாயில், கிடங்கு, இருபக்கமும் வீடுகள், சாக்கடை, மின்கம்பம், தண்ணீர்க் குழாய் எல்லாம் தரையில் ஏறின. லிஃப்ட் மெக்கானிக் சந்தின் கடைசியில் தன் வீட்டைப் போட்டு, அதற்குப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஏலக்காரரின் கொல்லைச் சுவர். அங்கே சந்து முடிகிறது.

மச்சான் நடுவாந்தரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல ஆகிருதி. மூலையில் பயிற்சியாளர், மடியில் மதிப்பெண் எழுதும் அட்டையோடு. மருந்துக்கடைக்காரி குறிப்பெடுக்க வந்திருந்தாள். தேர்வில் ஆளுக்கொரு துணை உண்டு.

அடுத்து மூடிகள். சோடா பாட்டில் மூடிகள் ஆளுக்கு ஒரு கைப்பிடி. எது ஆபத்து என்று தோன்றுகிறதோ அதன் மேல் வைக்க வேண்டும். அதிகப் பயத்துக்கு அதிக மூடி. பேசக் கூச்சப்படுகிறவர்களும் மூடி வைப்பார்கள் என்பது கணக்கு.

மக்கள் குனிந்து நிமிர்ந்து வைத்தார்கள். மின்கம்பத்தின் மேல் மூடிகள் குவிந்தன. சாக்கடை மேல் வரிசையாக ஏறின. தெருநாய்க்கு என்று யாரோ தனியாக ஒரு வட்டம் போட்டு அதிலும் மூன்றை வைத்தார்கள். கிடங்கின் சதுரம் மட்டும் துடைத்துவிட்ட தட்டு மாதிரி கிடந்தது. அதைக் கடந்து போகிறவர்கள் பெயின்ட் காயாத தரையைச் சுற்றிப் போவதைப் போல எட்டிக் கால் வைத்தார்கள்.

ஏலக்காரருக்குத் தொழிலில் ஒன்று தெரியும். வாங்க ஆசையுள்ளவன் கையைத் தூக்குவதற்கு முன்னால் தோள் அசையும். அந்த அசைவைப் பிடிப்பவன்தான் ஏலக்காரன். இப்போது அவர் தோள்களைப் பார்த்தார். சலவைக்கடைக்காரம்மா கையில் மூடியோடு கிடங்கின் மேல் குனிந்தாள். கை இறங்கியது. அரை நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு மச்சானின் செருப்பு அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கை அப்படியே திரும்பி, மூடி சாக்கடையில் போய் விழுந்தது. அடுத்து வந்த சுமைதூக்கிக்கும் அதே தோள், அதே சாக்கடை.

"வேற ஏதாவது இருக்கா?" என்று ஏலக்காரர் கேட்டார்.

மின்விசிறி சுற்றும் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"எல்லாம்தான் வந்தாச்சே" என்றார் மச்சான். "கம்பம், சாக்கடை, நாய். சரியாத்தான் சொல்லியிருக்காங்க. முடி மாப்ளே."

எல்லோரும் ஏலக்காரரைப் பார்த்தார்கள். அவருடைய உள்ளங்கை மேசையைத் தேடி அரித்தது. தட்டிவிட்டால் பேட்ஜ். தட்டிவிட்டால் மச்சானின் முகம் கோணாது, மனைவியின் முகமும் கோணாது. தட்டிவிட்டால் இந்தச் சந்தின் வரைபடத்தில் நாய்க்கு இடம் உண்டு, அம்மோனியாவுக்கு இல்லை.

மச்சானை மட்டும் வெளியே அனுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தார். நடக்காது. தலைவர் போனாலும் தலைவரின் மாப்பிள்ளை நிற்கிறானே. இங்கே சொல்கிற ஒவ்வொரு சொல்லும் இரவுச் சாப்பாட்டுக்குள் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று இவர்கள் நினைக்கிறார்கள். நினைப்பதில் தப்பும் இல்லை.

மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு மருந்துக்கடைக்காரியிடம் போனார். மீதி சாக்பீஸை அவள் கையில் வைத்தார்.

"இதை நீ பார்த்துக்கம்மா."

"அண்ணே, நீங்க போனா…" என்று அவள் கண்ணாலேயே பயிற்சியாளரைக் காட்டினாள்.

"தெரியும்." பிறகு மச்சானிடம் போய்த் தோளில் கை போட்டார். "வாங்க மச்சான், ஒரு டீ சாப்பிட்டு வருவோம். இவங்க என்னமோ சாக்கடையைக் கழுவிக்கிட்டு இருக்கட்டும்."

மூலையில் பயிற்சியாளரின் பேனா அட்டையில் நகர்வதை ஏலக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். ஆரஞ்சு மேல்சட்டை தனக்குப் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினார்.

*

டீக்கடை எதிரிலேயே இருந்தது. மச்சானுக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும். டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார். ஏலக்காரர் தூக்கலாகவே போடச் சொன்னார். மழை எப்போது வரும் என்று பேசினார். திராட்சை வரத்து குறைந்ததைப் பேசினார். மச்சானின் மகன் வண்டி ஓட்டுகிற லட்சணத்தைப் பேசினார். முதல் கிளாஸ் காலியானதும் இரண்டாவதைச் சொன்னார்.

அப்போது மேலே ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. முதலில் ஒரு குரல், பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து. யாரோ சத்தமாக, "அன்னிக்கு என் பையன் வாந்தி எடுத்தது எதனால?" என்று கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

மச்சான் கிளாஸை வைத்தார். "என்ன சத்தம் அது?"

"சாக்கடைதான்."

"சாக்கடைக்கு எவனாவது இப்படிக் கத்துவானா? நகரு, நான் மேல போறேன்."

ஏலக்காரர் நகரவில்லை. பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் மச்சான் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னைத் தந்திரமா வெளிய கூட்டிட்டு வந்துட்டே." மச்சானின் மூக்கு நுனி சிவந்தது. "வளர்த்த கடா மார்ல பாயுது."

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். மண்டியில ஏலம் நடக்கிறப்ப பழத்துக்குச் சொந்தக்காரரை நான் ஏன் பக்கத்துல நிக்க விடறதில்ல?"

"ஏன்?"

"அவர் நின்னா அடிக்கூடையைக் கிளறிப் பார்க்க எவனுக்கும் தைரியம் வராது. மேலாக்கப் பார்த்துட்டு, பழம் பிரமாதம்னு சொல்லிட்டுப் போயிடுவான். மறுநாள் அழுகல் தெரியும். அப்ப கெட்டுப்போறது உங்க பேரு மட்டுமில்ல, என் பேரும்தான்."

"என் கிடங்கு அழுகலா?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

மச்சான் பதில் சொல்லவில்லை. ஏலக்காரரும் பேசவில்லை. வாயில் மிட்டாய் எப்போதோ கரைந்து போயிருந்தது, என்றாலும் பேசவில்லை. டீக்கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே இன்னொரு முறை கழுவினார்.

"மணி ஒண்ணு இருக்கு" என்றார் மச்சான் கடைசியில், கிளாஸுக்குள் பார்த்தபடி. "கசிஞ்சா அடிக்கிற மணி. சும்மா சும்மா அடிச்சுக்கிட்டே இருந்துது. மேனேஜர் ஒயரைப் பிடுங்கி வெச்சிருக்கான்."

"சும்மாவா அடிச்சுது?"

"அப்படித்தான் மேனேஜர் சொன்னான்."

மேலே சத்தம் அடங்கியிருந்தது. இரண்டு பேரும் எழுந்தார்கள்.

*

கிடங்கின் சதுரம் தெரியவில்லை. மூடிகள் அதன் மேல் குவியலாகக் கிடந்தன. சில உருண்டு சந்துக்குள் ஓடியிருந்தன. காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்று யாரோ அம்புக்குறிகள் போட்டிருந்தார்கள். அம்புகள் எல்லாம் கிடங்கிலிருந்து கிளம்பி வீடுகளின் வழியாகச் சந்தின் கடைசிக்குப் போயின.

மச்சான் குவியலுக்கு முன்னால் நின்றார்.

"யார் வெச்சது?" என்றார்.

ஏலக்காரருக்கு வாய் திறக்க வந்தது. திறக்கவில்லை.

"முதல்ல வெச்சது நான்தான்" என்றாள் சலவைக்கடைக்காரம்மா. நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "மூணு தடவை நெடி வந்துது. தொங்கவிட்ட துணியை எல்லாம் மறுபடி துவைச்சேன். துணியைத் துவைக்கலாம், நெஞ்சைத் துவைக்க முடியுமா?"

"ஏம்மா, என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

"உங்களை எங்கண்ணே பிடிக்கிறது? உங்க மாப்பிள்ளைகிட்டச் சொல்லலாம்னா, வாயைத் திறக்கறதுக்குள்ள மூணு தரம்னு தட்டிட்டுப் போயிடுவார்."

சிரிப்பு வெடித்தது. மச்சானின் உதட்டோரமும் லேசாகக் கோணியது. அங்கேயே போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார். "அந்த மணியோட ஒயரை இப்பவே மாட்டு. இப்பன்னா இப்ப. கம்பெனிக்காரனை வரச் சொல்லிக் குழாயைப் பூரா பார்க்கச் சொல்லு. அடிச்சா அடிக்கட்டும்டா, அடிக்கத்தானே அதை வெச்சிருக்கு!"

ஏலக்காரருக்கு மார்பு ஓரங்குலம் விரிந்தது. பேட்ஜ் போனாலும் போகட்டும், காரியம் நடந்துவிட்டது. அதைத் தான்தான் நடத்தினோம் என்று ஒரு இனிப்பு நெஞ்சில் ஊறியது. அந்த நேரத்தில்தான் அம்புகள் போய் முடிகிற இடத்தைப் பார்த்தார்.

அங்கே இன்னொரு குவியல். கிடங்கின் குவியலைவிடக் கொஞ்சம்தான் சிறியது. சந்தின் கடைசியில், குறுக்குக் கோட்டின் மேல்.

"இது என்ன?" என்றார்.

இந்த முறை மருந்துக்கடைக்காரிகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையிலிருந்த ஒரு மூடியைக் காலால் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

ஏலக்காரர் காத்திருந்தார். பயிற்சியில் காத்திருந்ததெல்லாம் ஒரு காத்திருப்பே இல்லை என்று பட்டது.

"உங்க சுவருங்க அண்ணே" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "கிடங்குல கசிஞ்சா நாங்க வாயில் பக்கம் ஓட முடியாது, அங்கதான் கிடங்கே இருக்கு. காத்தும் எங்களை இந்தப் பக்கமா தள்ளிக்கிட்டு வரும். முன்னெல்லாம் உங்க கொல்லை வழியா பெரிய ரோட்டுக்குப் போயிடுவோம். நீங்க சுவர் எழுப்பினதுக்கப்புறம் வழி இல்ல. எங்கம்மா சக்கர நாற்காலியில இருக்காங்க. சுவரு ஏறிக் குதிக்கவா முடியும்?"

சுவர் எழுப்பியபோது ஏலக்காரர் மேஸ்திரிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு செங்கலுக்கும் யோசனை சொன்னவர். கொல்லையில் உலர்த்திய துணி காணாமல் போகிறது, போகிற வருகிறவன் எல்லாம் குறுக்கே நடக்கிறான் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவர். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே என்று இப்போது யோசித்தார். சொல்ல விட்டோமா என்று பிறகு யோசித்தார்.

மச்சான் மெல்ல நடந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார். முகத்தில் வெளிச்சம் பரவியிருந்தது.

"என்ன மாப்ளே," என்றார், ஒவ்வொரு சொல்லாக நாக்கில் உருட்டி. "அடிக்கூடையைக் கிளறினா உன் பழமும்ல இருக்கு!"

கட்டடமே குலுங்கியது. ஏலக்காரரும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. காது வரைக்கும் சிவந்த முகத்தோடு சிரித்தார்.

கூட்டம் கலைந்ததும் பயிற்சியாளரிடம் போனார். அவர் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பேட்ஜ் கிடையாதுங்களா?"

"கிடையாது. பாதியில போயிட்டீங்க."

"போகாம இருந்திருந்தா?"

"அப்பவும் கிடையாது. கிடங்கு படத்துல வந்திருக்காது." பையின் ஜிப்பை இழுத்தார். "உங்க சொந்தக்காரர் தெருவை உங்களுக்கே ஒதுக்கினது என் தப்பு. அடுத்த மாசம் வேற தெரு தர்றேன். உங்களுக்கு யாரும் சொந்தம் இல்லாத தெருவா பார்த்து."

"அப்படி ஒரு தெரு கிடைக்கறது கஷ்டம் மேடம். மண்டிக்காரனுக்கு ஊரெல்லாம் சொந்தம்."

பயிற்சியாளர் அந்த நாலு நாளில் முதல் முறையாகச் சிரித்தார்.

*

வீட்டுக்குள் கால் வைத்தபோதே செய்தி அவரை முந்திக்கொண்டு வந்திருந்தது.

"அண்ணன் போன் பண்ணினான்" என்றாள் மனைவி. "முதல்ல பத்து நிமிஷம் உங்களைத் திட்டினான். அப்புறம் பத்து நிமிஷம் சிரிச்சான். என்ன சுவர், எனக்கு ஒண்ணும் புரியல."

சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை ஒட்டித்தான் துணி துவைக்கும் இயந்திரம், அதற்கான குழாய், அதற்கு மேல் ஒரு தகரக் கூரை. எல்லாம் அவள் அங்குலம் அங்குலமாக இடம் பார்த்து வைத்தவை.

கூட்டம் கலைந்தபோது தரையிலிருந்து பொறுக்கி வந்த சாக்பீஸ் துண்டை ஏலக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "இந்த ஓரத்துல சின்னதா ஒரு கதவு வெச்சுட்டா போதும். ஒரு ஆள் போற அளவுக்கு. உன் மெஷினைத் தொட வேண்டாம்" என்று சுவரில் ஒரு கதவை வரைந்தார். வரைந்துவிட்டு, அவர் வாழ்க்கையில் அந்த வீட்டுக்குள் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். "நீ என்ன சொல்றே?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவள் திரும்பி அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். "என்ன, என்கிட்டயே பயிற்சியா?"

அவர் பதில் சொல்லவில்லை.

அவள் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் மெக்கானிக்கின் அம்மா யாரையோ தண்ணீர் கேட்டுக் கூப்பிடுவது கேட்டது. சக்கரம் ஒன்று எண்ணெய் இல்லாமல் கிறீச்சிட்டது.

"இதுல எப்படி அந்த நாற்காலி போகும்?" என்றாள். சேலைத் தலைப்பால் அவர் வரைந்த கதவை அழித்தாள். கையை நீட்டிச் சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். குழாய்க்கு இந்தப் பக்கம் ஒரு கோடு இழுத்தாள். நாலு எட்டு நடந்து, தகரக் கூரையைத் தாண்டி, இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கோடு இழுத்தாள்.

"அப்ப மெஷின்?"

"மெஷினை அந்தாண்ட நகர்த்திடலாம், தூக்குங்க" என்றாள். "அந்த முனையை நான் பிடிக்கறேன்."